பேரிலே பொன் வைத்த ஊரில் ஒரு புதையல் வேட்டை

ஜொகூர்க்காரர்களுக்குச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பக் கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. 2014 முதல் நமக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் இருக்கும் அக்காள் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டினால், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஞாயிறுதான் ஓய்வு. அன்று அம்மா அலுவலகத்தில் இருப்பார். 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது. பல வீடுகளில் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு.

சரி, லீவு கிடைத்தது. என்ன செய்கிறோம்? பெர்மாஸ் ஜெயாவில் இருந்தால் ஏயோன் பேரங்காடிக்கு ஒரு நடை. சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலி, நாலு கைப்பேசி. மாலையில் செனிபோங் கரையில் கடலுணவு. எதிரே சிங்கப்பூர்க் கரையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வீடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது வாரம் பிள்ளைகள் "வரலை, நீங்க போங்க" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த வீடுகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கார், நாலு பேர், ஒரு தாள், ஒரு பேனா. காரில் போகும் புதையல் வேட்டையை நீங்களே நடத்தலாம். மலேசியாவுக்கு இது புதிதல்ல. ஏஏஎம் என்று நாம் அழைக்கும் மலேசிய ஆட்டோமொபைல் சங்கம் தொடங்கி வங்கிகள், நிறுவனங்கள், அரிமா, ரோட்டரி சங்கங்கள் வரை பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றன. இதற்கென்றே வாராவாரம் ஊர் ஊராகப் போகும் பழம் தின்று கொட்டை போட்ட அணிகள் இருக்கின்றன. எங்கே தமிழர்கள் என்று கேட்டால், அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் கேள்விகள் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் வரும். தமிழில் புதிர் போட்டு ஒரு வேட்டை நடத்த முடியுமா என்பதுதான் எனக்கு நெடுநாள் அரிப்பு. முடியும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு பார்வை.

நம் ஜொகூர் கடற்பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 1924-ல். அதே ஆண்டு லண்டனில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவில் கார்களை எடுத்துக்கொண்டு, துப்புத் தாள்களைத் தேடி நகரம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகளுக்கு அது பெரிய தீனி. சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸில், விருந்து நடத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த எல்சா மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஊரெல்லாம் அலைந்து வினோதப் பொருள்களைக் கொண்டுவரச் சொல்லும் விளையாட்டைப் பிரபலமாக்கினார். 1936-ல் வந்த 'மை மேன் காட்ஃப்ரீ' என்ற ஹாலிவுட் படம் இந்த விளையாட்டோடுதான் தொடங்குகிறது. பட்டியலில் இருக்கும் 'பொருள்' என்ன தெரியுமா? வேலையிழந்து குப்பைமேட்டில் வாழும் ஒரு மனிதன். பணக்காரக் கூட்டம் அவனை அழைத்துப் போய் மேடையில் காட்டிப் புள்ளி வாங்குகிறது.

இந்தக் கதையைச் சும்மா சொல்லவில்லை. பிறர் தூக்கம், பிறர் மானம், பிறர் வேலை இவற்றைக் கெடுக்காத வேட்டைதான் நல்ல வேட்டை. "மாமாக் கடைச் சமையல்காரரோடு ஆடிக்கொண்டே படம் எடுத்து வா" என்று எழுதும் ஏற்பாட்டாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் நாற்பது ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருப்பார். பத்துக் கார்க்காரர்களும் வரிசையாக வந்து ஆடச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கள் வட்டத்தில் இந்த வகைக் கேள்விக்கு இடமில்லை.

மலேசிய பாணி வேட்டையின் அழகு, விடைகள் எல்லாம் சாலையோரப் பலகைகளில் இருப்பது. கடைப் பெயர், கிளினிக் பெயர், சாலைப் பெயர், எச்சரிக்கைப் பலகை. புதிரைப் படித்து, மெல்லப் போகும் காரிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்து, எந்தப் பலகை என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஒளித்து வைக்க எதுவும் இல்லை, ஊரே புதையல்.

வழி காட்டுவதற்கு 'துலிப்' படங்கள். 1949-ல் நெதர்லாந்தில் தொடங்கிய துலிப் கார் பந்தயத்தின் பெயர் இந்தப் படத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு புள்ளி, ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். புள்ளி நீங்கள் நிற்கும் இடம், அம்பு நீங்கள் போக வேண்டிய திசை. நடுவில் சந்திப்பு எப்படி இருக்கும் என்று கோட்டுப் படம். பெரிய பாலைவனப் பந்தயங்களிலும் இதே முறைதான். பெர்மாஸ் ஜெயாவுக்கு இது மிகவும் பொருந்தும். இங்கே சாலைகளுக்குப் பெரும்பாலும் எண்கள்தான் பெயர்: ஜாலான் பெர்மாஸ் 10, அதற்குள் 10/1, 10/2 என்று போகும். புதிதாக வருகிறவர் எண்களைக் கேட்டே கிறுகிறுத்துவிடுவார். கோட்டுப் படம் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளை வழி சொல்லும். அதுதான் வேண்டும். கைப்பேசி வழிகாட்டி சொல்லும் பாதையை அணைத்துவிட்டு, பின் இருக்கையிலிருந்து ஒரு குழந்தை "அப்பா, அடுத்த ரவுண்டபவுட்ல மூணாவது வழி" என்று அதிகாரம் செய்யும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு அருமையான வடிவம் உண்டு. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் பார்வையற்றோரை வழிகாட்டிகளாக வைத்துக் கார் பேரணிகள் நடத்துகிறார்கள். வழித்தாள் பிரெயில் எழுத்தில் இருக்கும். பார்வையற்றவர் விரலால் படித்துத் திசை சொல்வார். பார்வை உள்ள ஓட்டுநர் அவர் சொல்வதைக் கேட்டு ஓட்டுவார். அந்தத் தாளை ஓட்டுநரால் படிக்கவே முடியாது என்பதுதான் அதன் உயிர். காரில் உள்ள ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவரால் நகர முடியாது. நம் வேட்டையிலும் அதே சூட்சுமத்தைப் புகுத்தலாம்.

இனிப் புதிருக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆசை அதிகம். காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்குப் புதிர் போட்டே வளர்ந்தவள்(ன்) என்ற வம்பெல்லாம் வேண்டாம், வானொலிக்காரர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் புதிர் போடுவதற்கு நமக்குக் குறைவே இல்லை. பாட்டி சொன்ன விடுகதை இருக்கிறது, ஒரே சொல்லில் இரண்டு பொருள் வைத்து விளையாடிய காளமேகப் புலவர் இருக்கிறார். சிக்கல் என்னவென்றால், பலகைகள் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புதிர் தமிழ், விடை மலாய். முதலில் இது தடையாகத் தெரிந்தது. இரண்டு நாள் பேனாவைக் கடித்த பிறகுதான் தெரிந்தது, இதுவே நமக்கு அதிர்ஷ்டம்.

தொடக்கப் புதிர் இப்படி: "பேரிலே பொன்னை வைத்து, பின்னாலே வெற்றியை நிறுத்திய ஊர்." பேர், அதோடு மாஸ். மலாயில் மாஸ் என்றால் பொன். பின்னால் ஜெயம். பெர்மாஸ் ஜெயா! இது ஊர்ப் பெயரின் வரலாறு அல்ல, புதிரின் கணக்கு. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்த ஒரு விடை கிடைத்துவிட்டால் போதும், மிச்சப் புதிர்களை எப்படி உடைப்பது என்பது பிடிபட்டுவிடும்.

அடுத்தது: "மரத்தைத் தள்ளு, ஊர் வந்துவிடும்." மா, சாய். மாசாய். எங்கள் வேட்டையில் பட்டதாரிகள் நிறைந்த ஒரு கார் இந்தப் புதிரோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டியது. இன்னொரு காரில் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், தோட்டத்தில் பால் மரம் சீவியவர், ஒரு தடவை கேட்டுவிட்டு, "மாசாய்தானே, இதுக்குப் போய்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டாராம். அவருக்கு மலாய்ப் பலகை வேகமாகப் படிக்க வராது. பக்கத்தில் இருந்த பேரனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவன் இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவம். அம்மம்மா புதிரை உடைப்பார், பேரன் பலகையைப் பிடிப்பான். மூன்று மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள் என்று அவன் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். வீட்டில் இருவருக்கும் இடையே ஒரு நாளைக்கு நடக்கும் உரையாடல் "சாப்பிட்டியா", "ம்ம்".

அந்தக் காரைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அணி அமைப்பதில் நான் ஒரு விதியை விடுவதே இல்லை. ஒவ்வொரு காரிலும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர், பதினைந்து வயதுக்குக் கீழே ஒருவர். உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்குங்கள். இளம் வயது நண்பர்கள் நாலு பேர் ஒரே காரில் ஏறிக்கொள்ள ஆசைப்படுவார்கள். பிரித்துவிடுங்கள். முணுமுணுப்பார்கள், கேட்காதது போல இருங்கள்.

இன்னும் சுவையான சுரங்கம் ஒன்று உண்டு: மலாய்க்குள் குடியேறிய தமிழ்ச் சொற்கள். கெடாய் என்பது நம் கடை. மோடால் என்பது நம் முதல், அதாவது முதலீடு. பெத்தி என்பது நம் பெட்டி. இதை வைத்து ஒரு புதிர்: "நம் வீட்டுச் சொல் ஒன்று மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு குளிரில் நடுங்குகிறது, அதற்குக் காய்ச்சல் வந்தால் இங்கே வைத்தியம்." பெத்தி செஜோக். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கடை. பாசிர் கூடாங் என்ற பெயரில் வரும் கூடாங் நம் கிடங்கோடு உறவுடைய சொல் என்று சொல்வார்கள். அப்படியானால் "மணல் கிடங்கு" என்று எழுதினாலே போதும், கார் துறைமுகப் பக்கம் திரும்பிவிடும். இந்தப் புதிர்களை அவிழ்த்த ஒரு பள்ளி மாணவி, "அப்போ நம்ம வார்த்தைதான் எல்லா கடையிலயும் தொங்குதா?" என்று கேட்டாள். 'கெடாய்' என்று எழுதிய பலகை இல்லாத தெரு ஏது!

சின்னப் பிள்ளைகளுக்கு நாலைந்து எளிய கேள்விகள் கட்டாயம். "முப்பத்திரண்டு அண்ணன் தம்பிகளுக்கும் ஒரே டாக்டர்" என்றால் பல் மருத்துவமனை. எல்லாக் கேள்வியும் கடினமாக இருந்தால் பிள்ளைகள் பத்தாவது நிமிடத்தில் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். கேள்வி நியாயமானதா என்பதற்கு ஒரே சோதனை: விடையைச் சொன்னதும் "அட!" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். "அது எப்படி?" என்று சட்டையைப் பிடித்தால் புதிர் சரியில்லை.

பாதை எப்படி? எனக்குப் பிடித்தது இது. பெர்மாஸ் ஜெயா கடைவீதியில் தொடங்கி, செனிபோங் கரையைத் தொட்டு, பிளெந்தோங், மாசாய் வழியாகப் பாசிர் கூடாங் வரை போய், பட்டம் விடும் மேட்டில் ஒரு நிறுத்தம். பாசிர் கூடாங் அனைத்துலகப் பட்டத் திருவிழாவுக்குப் பெயர் போன ஊர்; புக்கிட் லாயாங் லாயாங்கில் பட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே இறங்கிக் கால்களை நீட்டிவிட்டுத் திரும்பலாம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இன்னொரு வழி, தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜொகூர்பாரு நகரத்துக்குள் போவது. 1911-ல் கட்டப்பட்ட இராஜமாரியம்மன் கோயில், கண்ணாடிக் கோயில் என்று நாம் சொல்லும் இராஜகாளியம்மன் கோயில் என்று புதிருக்கு ஏற்ற இடங்கள் நிறைய. ஆனால் சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் வண்டிகளின் நெரிசலில் சிக்கினால் வேட்டை அங்கேயே முடிந்துவிடும். முதல் முறை நடத்துகிறவர்கள் கிழக்குப் பக்கமே போங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாசிர் கூடாங் துறைமுக ஊர். கொள்கலன் லாரிகளும் எண்ணெய் லாரிகளும் ஓயாமல் ஓடும் சாலை அது. நெடுஞ்சாலையில் ஒரு கேள்விகூட வைக்காதீர்கள். பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பிரேக் போடும் ஒரு கார் போதும், அந்த நாளே வேறு மாதிரி ஆகிவிடும். கேள்விகள் எல்லாம் தாமான் சாலைகளிலும் கடைவீதிகளிலும்தான். கடைவீதியில் காரை நிறுத்திவிட்டு நடந்து தேடும் பகுதி ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

வேகத்துக்குப் புள்ளி கிடையாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். 40 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் கொடுத்தால் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான், சைக்கிளே போதும். சீக்கிரம் வந்தால் பரிசு இல்லை. தாமதமானால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி குறையும். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் போட்டியில் இல்லை, சாப்பாடு மட்டும் உண்டு. ஓட்டுநர் கையில் தாளோ கைப்பேசியோ கூடாது. ஓட்டும்போது கைப்பேசியைத் தொட்டால் போலீஸ் அபராதம் 300 வெள்ளி. நம் வேட்டையில் அதற்குமுன்பே அணி வெளியேற்றம். பின் இருக்கைக்கும் பட்டை கட்டாயம் என்ற சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பின்னால் உட்காரும் நம்மவர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கொடி அசைக்கும் இடத்தில் ஒருவர் குனிந்து பார்த்து, பட்டை போடாத காரை அனுப்பாமல் நிறுத்தி வைத்தால் அடுத்த கார்கள் தானாகப் போட்டுக்கொள்ளும்.

எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். இரண்டு நிமிட இடைவெளி. பத்துக் கார் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தால் ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். பத்துப் பன்னிரண்டு கார் வரை நண்பர்கள் கூட்டமாக நடத்திவிடலாம். அதற்கு மேல் போனால், அல்லது சங்கத்தின் பெயரில் நடத்தினால், அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே போய்ப் பேசிவிடுவது நல்லது. வேலி போட்டுக் காவலாளி நிற்கும் குடியிருப்புகளுக்குள் கேள்வி வைக்க வேண்டாம். தனி வீட்டு வாசலும் வேண்டாம்.

வேட்டைக்கு முந்தின நாள் மாலை பாதை முழுக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடைகள் இரவோடு இரவாகப் பெயர் மாறும். துணிப் பதாகையில் இருக்கும் விடையை நம்பவே நம்பாதீர்கள். ஒவ்வொரு விடைப் பலகையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடக்கப்போகும் வழக்குகளுக்கு அதுதான் சாட்சி. வழக்கு நடக்கும், சந்தேகமே வேண்டாம். அமைதியே உருவான கணக்காளர் ஒருவர் ஒரு புள்ளிக்காக இலக்கணம் பேசுவதை அப்போதுதான் பார்ப்பீர்கள். விடை அறிவிக்கும் அந்த அரை மணி நேரம்தான் முழு நாளின் உச்சம். ஆகவே அதைப் புலனத்தில் அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள். நேரில் எழுந்து நின்று, ஒவ்வொரு புதிராக உடைத்துக் காட்டுங்கள்.

செலவு? புதிர்த்தாள் அச்சு, சின்னப் பரிசுகள், சாப்பாடு. எண்ணெய்ச் செலவு அவரவர் பாடு. பொருள் கொண்டுவரும் கேள்விகள் இரண்டு வைக்கலாம். ஐந்து வெள்ளிக்குள் வாங்கக் கூடியதாக, தின்னக் கூடியதாக இருக்கட்டும். "தேங்காய்ப்பாலில் குளித்தவள், இலைச்சேலை கட்டியவள், முக்கோணமாய் உட்கார்ந்திருப்பாள்" என்று எழுதினோம். பதினோரு காரும் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்தன. ஒரு கார் மட்டும் கூடவே ஒரு கொழுக்கட்டையையும் வாங்கி வந்து, இதுவும் பொருந்தும் என்று வாதாடியது. இலை கிடையாதே என்றோம். பூரணத்தில் தேங்காய் இருக்கிறதே என்றார்கள். அரைப் புள்ளி கொடுத்தோம். கொழுக்கட்டையை நடுவர்கள் பறிமுதல் செய்தார்கள்.

புதிர் போட்டுப் பழக நினைப்பவர்களுக்கு, அடுத்த வேட்டைக்காக எழுதி வைத்திருப்பதில் ஒன்று: "நாலு கால் உண்டு, நடக்க மாட்டான். நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது வயிற்றிலிருந்த புள்ளி எழுத்து ஒன்றைக் கடலில் போட்டுவிட்டான். பகலில் கடையில் நிற்பான், இரவில் உங்கள் வீட்டில் கிடப்பான்." பெர்மாஸ் ஜெயா கடைவீதியில் மெல்லப் போய்ப் பாருங்கள். இடது பக்கம்.